ஒடுக்குமுறையும் எதிர்ப்பும்: கட்டுரைக்கு எந்த டிஸ்டோபிய நாவலை எடுப்பது?

'டிஸ்டோபிய நாவலில் ஒடுக்குமுறையும் எதிர்ப்பும்' என்று தலைப்பு கொடுத்தால் வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முக்கால்வாசிப் பக்கம் கண்காணிப்பு, தணிக்கை, சித்திரவதை. கடைசிப் பத்தியில் அவசர அவசரமாக 'ஆனாலும் நாயகன் எதிர்த்து நின்றான்'. எழுதுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொடிய ஆட்சி நடக்கும் கற்பனை உலகைக் காட்டும் இந்த வகை நாவல்களே ஒடுக்குமுறையை அள்ளிக் கொட்டுகின்றன, எதிர்ப்பைக் கிள்ளித்தான் தெளிக்கின்றன. ஆகவே நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது எதில் கொடுமை அதிகம் என்று பார்ப்பது வீண். எதிர்ப்பைப் பற்றி வரி வரியாக எடுத்துக்காட்டி வாதாட எந்த நாவலில் சரக்கு இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வழக்கமாகப் பரிசீலனைக்கு வருகிறவை ஐந்து: ஜம்யாட்டினின் 'வீ' (எழுதப்பட்டது 1920-21), ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932), ஆர்வெல்லின் '1984' (1949), பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953), ஆட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985).

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. கையில் பென்சிலோடு நாவலை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். அந்த உலகம் கூடாது என்று சொன்னதை ஒரு பாத்திரம் செய்கிற, சொல்கிற, நினைக்கிற இடங்களில் மட்டும் ஓரத்தில் கோடு போடுங்கள். கொடுமை நடக்கும் இடங்களுக்குக் கோடு வேண்டாம், அவை தாமாகவே நினைவில் நிற்கும். 2000 வார்த்தைக் கட்டுரைக்குக் குறைந்தது எட்டுக் கோடுகளாவது வேண்டும். அவற்றில் குறைந்தது மூன்று நாயகன் அல்லாத வேறு ஆளுடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுரை நாயகனின் கதைச்சுருக்கமாகச் சரிந்துவிடும்.

'1984': சரக்கு நிறைய, தேய்ந்த தடமும் நிறைய

இந்த நாவலில் ஒடுக்குமுறையைப் பற்றிப் புதிதாகச் சொல்வது கடினம். எங்கும் படமாக முறைக்கும் தலைவன் பெரியண்ணன், வீட்டுக்குள்ளேயே ஆளைக் கண்காணிக்கும் டெலிஸ்கிரீன், பழைய பதிவுகளை அழிக்கும் நினைவுக்குழி எல்லாம் அன்றாடப் பேச்சுக்கே வந்துவிட்டன. ஆனாலும் பலர் தவறவிடும் ஒரு விவரம் முதல் அத்தியாயத்திலேயே கிடக்கிறது. நாயகன் வின்ஸ்டன் நாட்குறிப்பு எழுதுவது சட்டவிரோதம் அல்ல, ஏனென்றால் அங்கே சட்டமே இல்லை. பிடிபட்டால் மரணம், அல்லது குறைந்தது 25 ஆண்டு கட்டாய உழைப்பு முகாம். எது குற்றம் என்று எழுதி வைக்காமலே தண்டிக்க முடிகிற இந்த ஏற்பாடு, டெலிஸ்கிரீனைவிட ஆழமாகத் தோண்டத் தக்க இடம்.

எதிர்ப்பின் பக்கம் வந்தால், ஒரு தூசித்துகளைப் பின்தொடர்ந்து பாருங்கள். நாட்குறிப்பை யாரேனும் தொட்டார்களா என்று கண்டுபிடிக்க, வெண்மையான ஒரு துகளை விரல்நுனியால் எடுத்து அட்டையின் மூலையில் வைக்கிறான் வின்ஸ்டன். முதல் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் இந்தத் துகள் மூன்றாம் பகுதியில் திரும்பி வருகிறது: அதைக்கூட ஆளும் கட்சியின் சிந்தனைக் காவலர்கள் பத்திரமாக எடுத்து, பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஏழாண்டு அவனைக் கண்காணித்ததாக, அவனைச் சித்திரவதை செய்யும் கட்சி அதிகாரி ஓ'பிரையனும் சொல்கிறான். டெலிஸ்கிரீன் கண்ணில் படாமல் அவன் நாட்குறிப்பு எழுதிய மாடக்குழி, பழம்பொருள் கடைக்காரர் சாரிங்டனின் மாடியறை, சாரிங்டனே கூட — அவன் எதிர்ப்பு நடந்த இடங்கள் எல்லாமே எதிரியின் கைக்குள் இருந்தவை. அப்படியானால் அதை எதிர்ப்பு என்று சொல்லலாமா? இந்தக் கேள்வி ஒன்றே ஒரு கட்டுரைக்குப் போதும். பதில் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, துகள் உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு இடம், கட்சிக்கு எதிரான ரகசிய இயக்கத்தவன் போல நடித்து ஓ'பிரையன் தன் வீட்டில் வாங்கும் உறுதிமொழி. இயக்கத்துக்குத் தேவைப்பட்டால் ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் வீசுவீர்களா என்று கேட்கிறான். வின்ஸ்டன் சரி என்கிறான். பின்னால் சித்திரவதைக் கூடத்தில், கட்சியைவிட நான் ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்று அவன் சொல்லும்போது இந்த ஒலிப்பதிவைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். வின்ஸ்டனை அப்பழுக்கற்ற போராளி என்று எழுதும் கட்டுரைகள் இந்தக் காட்சியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன, திருத்துபவரின் சிவப்பு மையும் நேராக அங்கேதான் போய் விழும். பழைய செய்திகளைத் திருத்தி எழுதும் தன் வேலையை அவன் ரசிப்பவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாத தோழர் ஓகில்வியை ஒரு காலையில் உருவாக்கிவிட்டு மகிழ்ந்துபோகிறவன்.

வின்ஸ்டனின் காதலி ஜூலியாவை ஒதுக்குவது அடுத்த பொதுத்தவறு. கட்சியின் எதிரி கோல்ட்ஸ்டீனின் புத்தகத்தை அவன் படித்துக் காட்டும்போது அவள் தூங்கிவிடுகிறாள், அதனால் அவள் எதிர்ப்பு மேலோட்டமானது என்று எழுதிவிடுகிறார்கள். அது வின்ஸ்டனின் தீர்ப்பு. நாவலின் தீர்ப்பும் அதுதான் என்று சொல்ல உங்களுக்குத் தனிச் சான்று வேண்டும். கட்சிக் கூட்டங்களில் எல்லோரையும்விட உரக்கக் கத்தி, அந்தச் சத்தத்தின் மறைவில் காபியும் சர்க்கரையும் கடத்தி வருகிறவள் அவள். எதிர்ப்பின் இலக்கணத்தை அவள் வேறு மாதிரி எழுதுகிறாள்.

'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்': எதிர்ப்புக்காக எடுப்பதென்றால் இதுதான்

ஐந்தில் இதற்குத்தான் என் வாக்கு. காரணம் ஒரு வெண்ணெய்த்துண்டு. கிலியட் என்ற மதவாத ஆட்சியில் தளபதிகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர அடிமையாக்கப்பட்ட பணிப்பெண்களுக்குக் கை கிரீம், முக கிரீம் கிடையாது. அவர்கள் கருப்பைகள், தோல் மென்மையாக இருப்பதில் யாருக்கும் அக்கறையில்லை. கதை சொல்லும் பணிப்பெண் ஆஃப்ரெட் இரவு உணவில் வந்த வெண்ணெயைக் காகிதத் துண்டில் சுற்றி, அலமாரியில் இருக்கும் மாற்றுச் செருப்பின் நுனியில் ஒளித்து வைக்கிறாள். பிறகு இரவில் எடுத்து முகத்தில் தேய்த்துக்கொள்கிறாள். இதைச் செய்துகொண்டிருக்கும்வரை என்றாவது வெளியே போவோம் என்று நம்ப முடியும் என்பது அவள் கணக்கு. ஆட்சிக்கு இதனால் ஒரு கீறலும் இல்லை. ஆனால் தன் உடல் வேறொருவருடைய பாத்திரம் என்ற விதியை அவள் அந்தச் சில நிமிடங்களுக்கு ரத்து செய்கிறாள். இதை எதிர்ப்பு என்று கொள்வதா, பிழைத்திருத்தல் என்று கொள்வதா? இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுகிறீர்கள் என்பதுதான் உங்கள் ஆய்வுக் கருத்து.

இந்த நாவலின் பெரிய வசதி, எதிர்ப்பு பல அளவுகளில் கிடைப்பது. ஆஃப்ரெட்டின் தோழி மொய்ரா கழிப்பறைத் தொட்டியின் நெம்புகோலைக் கழற்றி, அதைக் காட்டி, பணிப்பெண்களைப் பழக்கும் ஓர் 'அத்தை'யை மிரட்டி, அவளுடைய உடையை அணிந்து வாசல் வழியாகவே நடந்து வெளியேறுகிறாள். மற்றப் பெண்களுக்கு அவள் ஒரு புராணம் ஆகிறாள். பிறகு ஜெஸபெல் என்ற ரகசிய விபசார விடுதியில் களைத்துப்போனவளாகக் கண்ணில் படுகிறாள். இன்னொரு பணிப்பெண்ணான ஆஃப்க்ளென் ரகசிய எதிர்ப்பு அமைப்பில் இருக்கிறாள், பிடித்துப்போகும் வண்டி வருவதைப் பார்த்ததும் தூக்கிட்டுக்கொள்கிறாள். அதைக் கேட்டு ஆஃப்ரெட்டுக்கு முதலில் வருவது நிம்மதி: இனி அவளைச் சித்திரவதை செய்து தன் பெயரை வாங்க முடியாது. தளபதியின் ஓட்டுநர் நிக் மேல் மனம் போனபின், தளபதியை உளவு பார்க்கச் சொன்ன ஆஃப்க்ளெனின் வேண்டுகோளையும் ஆஃப்ரெட் தட்டிக் கழித்திருக்கிறாள். இந்த அசௌகரியமான இடங்களை விட்டுவிடாதீர்கள். எதிர்க்காமல் இருப்பதை நாவல் எப்படி மன்னிக்கிறது, எங்கே மன்னிக்க மறுக்கிறது என்று பேச இவைதான் வழி.

அலமாரிக்குள் முன்பிருந்தவள் கீறி வைத்த லத்தீன் வாசகத்தையும் கவனியுங்கள். ஆஃப்ரெட் அதை மந்திரமாகப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு தளபதியே சிரித்துக்கொண்டு விளக்குகிறான்: அது பள்ளிப் பையன்களின் விளையாட்டு லத்தீன், அசல் லத்தீன்கூட இல்லை. பெண்களின் எதிர்ப்புச் சொல் ஆண்களின் பாடப்புத்தக ஓரத்திலிருந்து வந்திருக்கிறது. அதனால் அது மதிப்பிழந்ததா, கைப்பற்றப்பட்டதா? நல்ல பத்தி ஒன்று அங்கே காத்திருக்கிறது.

தவறு நேர்வது இரண்டு இடங்களில். முதலாவது 2017-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர். அதில் வரும் ஆஃப்ரெட் வெளிப்படையாகப் போராடுகிறவள், நாவலின் ஆஃப்ரெட் அப்படியில்லை. நாவல் அவளுடைய பழைய பெயரை எங்கும் உறுதி செய்வதும் இல்லை. தொடரில் வரும் பெயரைக் கட்டுரையில் எழுதிவிட்டால் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும். இரண்டாவது, கதை சொல்பவளை அப்படியே நம்புவது. நிக்கோடு கழித்த முதல் இரவை ஒருவிதமாகச் சொல்லிவிட்டு, அப்படி நடக்கவில்லை என்று வேறுவிதமாகச் சொல்கிறாள், அதுவும் சரியில்லை என்கிறாள். கணவன் லூக் செத்துவிட்டான், சிறையில் இருக்கிறான், தப்பிவிட்டான் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் நம்புகிறாள். ஆட்சி ஒரே உண்மையைத் திணிக்கிற இடத்தில் மூன்றை வைத்துக்கொள்வதும் ஒரு மீறல்தான்.

'பிரேவ் நியூ வேர்ல்ட்': ஒடுக்குமுறைக்கு மட்டும்

எதிர்ப்பைத் தேடி இதற்குள் போனால் கையில் அதிகம் தேறாது. பெர்னார்ட் மார்க்ஸ் புலம்புவான், ஆனால் அந்த அமைப்புக்கு வெளியே, காப்புநிலத்தில் வளர்ந்த ஜானை அழைத்து வந்ததில் புகழ் கிடைத்ததும் புலம்பல் காணாமல் போய்விடும். ஜான் ஒருவன்தான் நிஜமாக ஒன்று செய்கிறான்: 15-ஆம் அத்தியாயத்தில் மருத்துவமனையில் டெல்டா என்ற தாழ்ந்த அடுக்கினருக்கு வழங்கவிருந்த, கவலையை மறக்கடிக்கும் சோமா மாத்திரைகளைச் சன்னல் வழியே கொட்டுகிறான். விடுதலை கிடைக்க வேண்டியவர்கள் அவன்மேல் பாய்கிறார்கள். காவலர்கள் வந்து தடியடி நடத்துவதில்லை, சோமா ஆவியைத் தெளித்து, ஒலிப்பதிவுக் குரலில் அன்பாகப் பேசிக் கலவரத்தை அடக்குகிறார்கள். எல்லோரும் அழுது, கட்டிப்பிடித்து, வீட்டுக்குப் போகிறார்கள்.

எதிர்க்கும் ஆசையே பிறக்காதபடி ஓர் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பது உங்கள் கேள்வியென்றால், இதைவிடப் பொருத்தமான காட்சி வேறெந்த நாவலிலும் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பூவையும் புத்தகத்தையும் காட்டி மின்னதிர்ச்சி கொடுப்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். ஜானைச் சுதந்திர மனிதனாக மட்டும் வைத்து எழுதாதீர்கள். அவனும் வார்க்கப்பட்டவன்தான், வார்த்தது காப்புநிலத்தின் சடங்குகளும் ஷேக்ஸ்பியரும் என்பதுதான் வித்தியாசம்.

'ஃபாரன்ஹீட் 451': சிறியது, எளியது, அதனாலேயே ஆபத்து

ஒரு வாரம்தான் இருக்கிறது, ஆங்கிலமும் கடினமாக இருக்கக் கூடாது என்றால் இதை எடுக்கலாம். மூன்றே பகுதி. புத்தகங்களோடு தானும் எரிய, தீக்குச்சியைத் தானே உரசும் பெண், புத்தகங்களை மனப்பாடமாகச் சுமந்து திரியும் மனிதர்கள் என்று எதிர்ப்பு கண்ணெதிரே நிற்கிறது. அவ்வளவு வெளிப்படையாக நிற்பதால் விளக்க ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் சிக்கல்.

ஆழம் வேண்டுமென்றால், தீயை அணைக்காமல் புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புப் படையின் கேப்டன் பீட்டியின் நீண்ட பேச்சுக்குப் போங்கள். அரசு முதலில் தடை போடவில்லை, மக்கள்தான் சுருக்கத்தையும் வேகத்தையும் கேட்டார்கள், யார் மனமும் புண்படக் கூடாது என்று எல்லாவற்றையும் மழித்தார்கள், தீயணைப்புக்காரர்கள் பிறகுதான் வந்தார்கள் என்கிறான். 'அரசு புத்தகங்களைத் தடை செய்த கதை' என்று ஒரு வரியில் முடித்த கட்டுரை இங்கேயே தோற்றுவிடுகிறது. கடைசியில் நகரத்தை அழிப்பது எதிர்ப்பாளர்கள் அல்ல, போர் விமானங்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். நாயகன் மான்டாக் தப்பியதும், பார்வையாளர்கள் ஏமாறக் கூடாதென்று தெருவில் நடந்துபோன யாரோ ஒருவனை இயந்திர நாய் கொல்வதை நேரலையில் காட்டுகிற இடமும் தனிப் பத்திக்குத் தகும்.

பழைய பிரதி கையில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. 1967-இல் பள்ளிகளுக்காக வந்த பதிப்பில் பல சொற்களை வெட்டியும் மாற்றியும் இருந்தார்கள். தணிக்கையைப் பற்றிய நாவலுக்கே தணிக்கை! ஆசிரியருக்குத் தெரிந்து அது சரிசெய்யப்பட்டது 1970-களின் கடைசியில்தான். பதிப்பாண்டைப் பார்த்துவிட்டு மேற்கோள் எடுங்கள்.

'வீ': குறைவாகப் படிக்கப்படுவதே லாபம்

கப்பல் பொறியாளர் எழுதிய நாவல் இது, கதை சொல்பவனும் பொறியாளன்தான். எண்ணே பெயரான அவன், டி-503, எழுதும் 40 குறிப்புகளாக நாவல் நகர்கிறது. முதலில் வாக்கியங்கள் சூத்திரம் போல நேராக இருக்கும். புரட்சிக்காரி ஐ-330 அவன் வாழ்வில் வந்தபின் பாதியில் அறுபடும், கோடுகளில் தொங்கும். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் சிறுவயதில் தன்னைப் பயமுறுத்தியது நினைவுக்கு வரும். எதிர்ப்பு இங்கே கதையில் நடப்பதற்கு முன்பே நடையில் நடந்துவிடுகிறது. மொழியைக் கூர்ந்து படிக்கத் தெரிந்தவருக்கு இது பொன் சுரங்கம்.

முடிவில் அவனுக்கு அறுவை செய்து கற்பனையை நீக்கிவிடுகிறார்கள். ஐ-330 சித்திரவதை செய்யப்படுவதை உணர்ச்சியின்றிப் பார்த்திருக்கிறான். முழுத் தோல்வி என்று எழுதத் தோன்றும். ஆனால் அவன் குழந்தையை வயிற்றில் சுமந்தபடி அவனுடைய பழைய துணை ஓ-90 அந்த அரசைச் சூழ்ந்த பசுஞ்சுவருக்கு வெளியே போய்விட்டாள். அந்த அரசின் கணக்கில் வராத ஓர் உயிர் வெளியே இருக்கிறது. பெரிய புரட்சி தோற்று, அனுமதியில்லாத ஒரு தாய்மை மட்டும் ஜெயித்த நாவல் என்று வாதிட இடமுண்டு.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 1924, 1972, 1993, 2006 என்று வெவ்வேறு பெயர்ப்புகள் இருக்கின்றன, வாக்கிய முறிவுகள் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி. நடையைப் பற்றி வாதிடுபவர் ஒரே பெயர்ப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைத்த மேற்கோளைக் கலந்தால் வாதம் அங்கேயே உடையும்.

ஒன்றா, இரண்டா?

2000 வார்த்தைக்குள் என்றால் ஒரு நாவல் போதும். 3000-க்கு மேல் போனால் இரண்டை எடுக்கலாம். பலர் 'வீ'யையும் '1984'-ஐயும் சேர்க்கிறார்கள். ஆர்வெல் 'வீ'யைப் பிரெஞ்சில் படித்து 1946-இல் மதிப்புரை எழுதியவர் என்பதால் ஜோடி இயல்பானது. ஆனால் கட்டுரை 'எது எதிலிருந்து வந்தது' என்ற வழக்காடலாக மாறி, ஒடுக்குமுறையும் எதிர்ப்பும் ஓரத்தில் நின்றுவிடும்.

'1984'-ஐ ஆட்வுட்டோடு சேர்ப்பது மேல். இரண்டும் கதை முடிந்தபின் ஒரு பின்னிணைப்போடு முடிகின்றன. '1984'-இல் கட்சி உருவாக்கிய நியூஸ்பீக் மொழியைப் பற்றிய குறிப்பு கடந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்படியானால் கட்சி வீழ்ந்தபின் யாரோ எழுதியது என்று ஒரு வாசிப்பு உண்டு. அதை உண்மையாகச் சொல்லாமல் வாதமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் நாவல் முழுவதுமே கடந்தகாலத்தில்தானே இருக்கிறது என்று எதிர்க்கேள்வி வரும். ஆட்வுட்டில் சந்தேகமே இல்லை. 2195-இல் ஒரு கருத்தரங்கு நடக்கிறது, கிலியட் வீழ்ந்தாகிவிட்டது. ஒலிநாடாக்களில் கிடைத்த ஆஃப்ரெட்டின் குரலைப் பற்றிப் பேசும் பேராசிரியர் பியெக்ஸோட்டோவோ பெண்களை வைத்து நகைச்சுவை பண்ணுகிறார், தளபதி யார் என்று கண்டுபிடிப்பதில் குறியாக இருக்கிறார், அவள் இன்னும் கொஞ்சம் உபயோகமான தகவல் தந்திருக்கலாமே என்று குறைப்படுகிறார். ஆட்சி போய்விட்டது, அவளைக் கேட்கும் காது மட்டும் மாறவில்லை. ஒரு பின்னிணைப்பு நம்பிக்கையை உள்ளே கடத்துகிறது, மற்றொன்று நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறது.

கோட்பாடு எவ்வளவு?

ஒன்று போதும், அதுவும் நாவல் கேட்டால். டெலிஸ்கிரீன் எந்நேரமும் பார்ப்பதில்லை, பார்க்கிறதா என்று தெரியாததுதான் அதன் பலம். அங்கே பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1975-இல் எழுதிய சிறைக் கண்காணிப்பு பற்றிய வாதம் கச்சிதமாகப் பொருந்தும். சோமாவுக்கு அது பொருந்தாது, அங்கே சம்மதத்தின் மூலம் ஆளுவதைப் பேசும் இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷி உதவுவார். வெண்ணெய்த்துண்டுக்கும் ஜூலியாவின் காபிக்கும் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட். பலவீனர்களின் அன்றாட, சத்தமில்லாத மீறல்களைப் பற்றிய அவருடைய நூல் வந்ததும் ஆட்வுட்டின் நாவல் வந்த அதே 1985-இல்தான். மூவரையும் ஒரே கட்டுரையில் இழுத்தால் நாவல் மூச்சுத் திணறும்.

வேலையை எப்படிப் பிரிப்பது

கோடு போட்ட இடங்களை ஐந்து நெடுவரிசை கொண்ட அட்டவணையில் ஏற்றுங்கள்: யார் செய்தது, எந்த விதியை மீறியது, யார் பார்த்தது, என்ன விலை கொடுத்தது, அதற்குப் பின் என்ன மாறியது. ஐந்தாவதை நிரப்பத்தான் திணறுவீர்கள். திணறுகிற வரிசைகளை நீக்கிவிடாதீர்கள், கட்டுரையின் வாதம் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் கிளம்பும். 12 வரிசை சேர்ந்தபின் ஐந்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 250 வார்த்தை ஒதுக்குங்கள். ஒடுக்குமுறைக்கு மொத்தமாக 500 வார்த்தைக்கு மேல் வேண்டாம், அதையும் தனிப் பகுதியாகத் தராமல் ஒவ்வொரு மீறலுக்கும் முன்னால், அது எந்த விதியை உடைக்கிறது என்று சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள். மிச்சம் முன்னுரைக்கும் எதிர்வாதத்துக்கும்.

வாக்கிய அளவில் வித்தியாசம் இப்படித்தான் தெரியும். 'ஆஃப்ரெட் சின்னச் சின்ன வழிகளில் ஆட்சியை எதிர்க்கிறாள்' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது, ஆகவே அதில் வாதமும் இல்லை. 'வெண்ணெயைச் செருப்பில் ஒளிப்பதால் கிலியட் ஒன்றையும் இழப்பதில்லை. ஆனால் அவள் தனக்கென்று ஒரு நாளைய தேதியை வைத்துக்கொள்கிறாள், கிலியட் அவளுக்கு அனுமதித்திருப்பதோ மாதவிடாய்க் கணக்கை மட்டும்தான்' என்று எழுதிப் பாருங்கள். இதை மறுக்க வருகிறவர் நாவலைத் திறந்தாக வேண்டும்.